சூப்பர் மார்க்கெட்டா, அண்ணாச்சி கடையா? புதுக்கோட்டைக்கு நியூசிலாந்து சொல்லும் பாடம்!

மாதத்தின் முதல் வாரத்தில் புதுக்கோட்டை கீழராஜ வீதி பக்கம் போனால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர், துணிப்பையும் மளிகை லிஸ்ட்டுமாக அண்ணாச்சி கடை முன்னால் நிற்பவர். "போன மாசப் பாக்கியில பாதிய வரவு வெச்சுக்கோங்க அண்ணாச்சி, மிச்சத்த இதோட சேத்து எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். இன்னொருவர், ஏசி போட்ட கடையில் டிராலியைத் தள்ளிக்கொண்டு, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' அட்டை எங்கே தொங்குகிறது என்று தேடுபவர்.

சொல்லப்போனால் பல வீடுகளில் இந்த இருவரும் ஒரே ஆள்தான். சோப்பும் எண்ணெயும் அங்கே, பருப்பும் புளியும் இங்கே. கையில் காசு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் இங்கே.

இந்தப் போட்டியால் இன்றைக்கு லாபம் வாங்குபவருக்குத்தான். ஆனால் போட்டியில் ஒரு தரப்பு கடையை மூடிவிட்டுப் போனால், அதற்குப் பிறகும் இதே தள்ளுபடி கிடைக்குமா? பெரிய கடைகளால் எப்படி விலையைக் குறைக்க முடிகிறது? சிறிய நாடுகளில் நடந்தது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு மாவட்டம், ஒரு நாட்டுக்குச் சமம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 16,18,345 பேர் வசிக்கிறார்கள். ஐரோப்பாவில் உள்ள எஸ்டோனியா என்ற நாட்டின் மொத்த மக்கள்தொகையே 14 லட்சத்துக்குள்தான். அதாவது, ஒரு தனி நாட்டுக்குத் தேவையான அளவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு இந்த ஒரு மாவட்டத்தில் மாதாமாதம் விற்றாக வேண்டும்.

ஆனால் இந்தச் சந்தை ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருப்பவர்கள். புதுக்கோட்டை நகரத்தைத் தாண்டினால் அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, கறம்பக்குடி, விராலிமலை என்று சிறிய ஊர்கள். அதையும் தாண்டினால் ஊருக்கு இரண்டு மூன்று பெட்டிக்கடை, ஒரு ரேஷன் கடை, வாரம் ஒருமுறை சந்தை. அவ்வளவுதான்.

இதனால்தான் மளிகை வியாபாரத்தை 'மாவட்டத்தில் மொத்தம் எத்தனை கடை இருக்கிறது' என்று பார்த்தால் போதாது. பொன்னமராவதியில் இருப்பவர் சர்க்கரை வாங்க மணமேல்குடிக்குப் போக மாட்டார். அவரைப் பொறுத்தவரை, அவர் நடந்தோ டூவீலரிலோ போய் வரக்கூடிய தூரத்தில் எத்தனை கடை இருக்கிறது என்பதுதான் போட்டி.

பெரிய கடையால் எப்படி குறைத்துக் கொடுக்க முடிகிறது?

பலரும் நினைப்பதுபோல, எல்லாமே நஷ்டத்துக்கு விற்பது கிடையாது. அடிப்படை வித்தியாசம், பொருளை எங்கே, என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, எம்.ஆர்.பி 100 ரூபாய் போட்ட ஒரு பற்பசையை எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து ஏஜென்சிக்கு 85 ரூபாய்க்கு வருகிறது. ஏஜென்சியின் லைன் வண்டி அதை அண்ணாச்சி கடைக்கு 90 ரூபாய்க்குப் போடுகிறது. அவர் 100 ரூபாய்க்கு விற்றால் 10 ரூபாய் நிற்கும். பெரிய நிறுவனம் ஏஜென்சியே இல்லாமல் லாரி லோடாக நேரடியாக 83 ரூபாய்க்கு வாங்குகிறது. அது 92 ரூபாய்க்கு விற்றாலும் கையில் 9 ரூபாய் நிற்கும். போட்டிக்கு அண்ணாச்சியும் 92 ரூபாய்க்குக் கொடுத்தால், அவருக்கு மிஞ்சுவது 2 ரூபாய். அதில்தான் வாடகை, கரண்ட் பில், பையனுக்குச் சம்பளம் எல்லாம்.

இது உதாரணக் கணக்குதான். ஆனால் பிரச்சினை கற்பனை இல்லை. 2021 கடைசியில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு இதே புகாரைத்தான் பெரிய கம்பெனிகளிடம் வைத்தது. தங்கள் மூலம் போகும் சரக்கில் கடைக்காரருக்கு 8 முதல் 12 சதவீதம் வரைதான் கிடைக்கிறது, பெரிய நிறுவனங்களின் மொத்த விற்பனைத் தளங்களோ 15 முதல் 20 சதவீதம் வரை கொடுக்கின்றன, ஒரே பொருளுக்கு இரண்டு விலை எப்படி நியாயம் என்று கேட்டது. சில கம்பெனிகளின் சரக்கை எடுக்க மாட்டோம் என்று போராட்டமும் அறிவித்தது.

இன்னும் இரண்டு வித்தைகள் உண்டு. ஒன்று, சொந்த பிராண்டு. பருப்பு, ரவை, பினாயில் போன்றவற்றைத் தன் பெயரிலேயே பாக்கெட் போட்டு விற்கும்போது விளம்பரச் செலவும் மிச்சம், லாபமும் அதிகம். இரண்டு, இழுவைப் பொருள். சர்க்கரை, வெங்காயம், சமையல் எண்ணெய் மாதிரி எல்லோருக்கும் விலை மனப்பாடமாகத் தெரிந்த பொருளை மட்டும் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். அதற்காக உள்ளே வருபவர், விலை தெரியாத வேறு பத்துப் பொருளையும் டிராலியில் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்.

மொத்த வியாபாரமும் கை மாறுகிறது

இதுவரை சொன்னது சில்லறைப் போட்டி. கடந்த சில ஆண்டுகளில் அதற்கு மேல் தட்டிலும் மாற்றம் நடந்திருக்கிறது.

கோவையை மையமாகக் கொண்டு வளர்ந்த ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை 2020-ல் ரிலையன்ஸ் ரீடெய்ல் ₹152.5 கோடிக்கு வாங்கியது. அப்போது அதற்கு 29 கடைகள் இருந்தன. தமிழ்நாட்டில் உள்ளூரில் முளைத்து, உள்ளூர்க்காரர்கள் பெயர் சொல்லி வளர்ந்த ஒரு நிறுவனம் தேசிய நிறுவனத்தின் கைக்குப் போன கதை இது. அடுத்து, கடைக்காரர்களுக்கு மொத்தமாகச் சரக்கு விற்கும் மெட்ரோ கேஷ் அண்ட் கேரியின் இந்திய வியாபாரத்தையும் அதே நிறுவனம் ₹2,850 கோடிக்கு வாங்கி, 2023 மே மாதம் கைமாற்றத்தை முடித்தது.

இதன் பொருள் என்ன? சிறிய கடைக்காரருக்குப் போட்டியாளராக இருக்கும் நிறுவனமே, அவருக்குச் சரக்கு கொடுக்கும் இடத்திலும் உட்காருகிறது. இன்றைக்கு அது அவருக்கு லாபமாகக்கூட இருக்கலாம். ஏஜென்சியை விட மலிவாகக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஏஜென்சிகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு, வாங்க வேறு இடம் இல்லாதபோது, விலையை யார் சொல்வார் என்பதுதான் கேள்வி.

நியூசிலாந்தில் நடந்தது என்ன?

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு ஏற்கெனவே அனுபவப்பட்டு பதில் வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். அங்கே மளிகைச் சந்தையை ஆள்வது இரண்டே குழுமங்கள். ஒன்று வூல்வொர்த்ஸ், இன்னொன்று ஃபுட்ஸ்டஃப்ஸ். தெருவில் பார்த்தால் வேறு வேறு பெயர்ப் பலகைகள் தெரியும். முதலாளி யார் என்று தேடிப் போனால் இந்த இரண்டில் ஒன்றில்தான் முடியும்.

விலை தாங்க முடியவில்லை என்று மக்கள் புலம்ப, அந்நாட்டின் வணிக ஆணையம் முழு ஆய்வு ஒன்றை நடத்தியது. 2022 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை, போட்டி சரியாக நடக்கவில்லை என்று சொன்னது. நியாயமான லாபத்துக்கு மேல் இந்தச் சந்தையில் ஆண்டுக்குச் சுமார் 43 கோடி நியூசிலாந்து டாலர் கூடுதல் லாபம் பார்க்கப்படுவதாக ஆணையம் மதிப்பிட்டது. ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலருக்கும் மேல்!

புதிதாக ஒருவர் கடை போட்டு விலையைக் குறைக்கலாமே? அங்கேதான் சிக்கல். நல்ல இடங்களில் வேறு சூப்பர் மார்க்கெட் வரக் கூடாது என்று நிலப் பத்திரத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் நிபந்தனை போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தடை செய்ய 2022-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2023-ல் மளிகைத் துறைக்கென்றே தனிச் சட்டமும், அதைக் கண்காணிக்கத் தனி ஆணையரும் வந்தார்கள். ஃபுட்ஸ்டஃப்ஸின் வடக்கு, தெற்கு தீவு நிறுவனங்கள் இணைய அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் ஆணையம் மறுத்துவிட்டது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த இரு குழுமங்களும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. பல ஆண்டுகளாக ஒவ்வொரு நிறுவனமாக வாங்கி, இணைத்து, கடைசியில் இரண்டாக நின்றவை. ஒவ்வொரு இணைப்பின்போதும், 'செலவு குறையும், விலை குறையும்' என்பது நம்பும்படியான வாதம்தான். எல்லாம் முடிந்த பிறகு, உடைந்த போட்டியை ஒட்டவைக்க அரசு படாத பாடு படுகிறது.

எஸ்டோனியா ஏன் வேற மாதிரி?

சிறிய நாடு என்றாலே இப்படித்தானா என்றால், இல்லை. புதுக்கோட்டையை விட மக்கள் குறைவான எஸ்டோனியாவில் கூப், மாக்சிமா, ரிமி, செல்வர், பிரிஸ்மா என்று பல நிறுவனங்கள் மோதுகின்றன. போதாததற்கு 2022 மார்ச்சில் ஜெர்மனியின் லிடில் நிறுவனமும் கடை திறந்தது. புதிதாக வருபவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

இதில் கூப் என்பது நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் அமைப்பு. சந்தையின் முன்வரிசையில் இருப்பதும், கிராமங்கள் வரை கடை வைத்திருப்பதும் அதுதான். அதற்காகக் கூட்டுறவு என்றாலே விலை குறைந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தின் ஃபுட்ஸ்டஃப்ஸும் ஒரு கூட்டுறவுதான். ஆனால் அது கடை முதலாளிகளின் கூட்டுறவு. வாங்குபவர்களின் கூட்டுறவு இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிய விஷயம் இல்லை. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-லேயே தொடங்கப்பட்டது. கோவையில் சிந்தாமணி, சென்னையில் காமதேனு என்று கூட்டுறவு அங்காடிகள் நல்ல பெயர் எடுத்த காலமும் இருந்தது.

புதுக்கோட்டையில் விலையைப் பிடித்து வைத்திருப்பது யார்?

நியூசிலாந்து நிலைமை இங்கே இன்னும் வரவில்லை. அதற்குக் காரணம், இங்கே நான்கு தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன.

முதலாவது, ரேஷன் கடை. பெயர்ப் பலகையும் ஏசியும் இல்லாவிட்டாலும், கிராமம் வரை கிளை வைத்திருக்கும் மிகப் பெரிய மளிகை வலைப்பின்னல் அதுதான். அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலை இல்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ ₹30, பாமாயில் லிட்டர் ₹25. வெளியில் பருப்பு விலை எகிறினாலும், ஒரு குடும்பத்தின் அடிப்படைத் தேவையில் ஒரு பங்கு இந்த விலையில் கிடைத்துவிடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் ₹60-க்கு விற்கத் தொடங்கினார்கள். அரசே ஒரு போட்டியாளராகக் களத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இரண்டாவது, அண்ணாச்சியின் கணக்கு நோட்டு. விதைப்புச் செலவுக்குக் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பவர், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருப்பவர், நூறு நாள் வேலைச் சம்பளம் வரவில்லை என்று நிற்பவர்... இவர்களுக்கு 8 சதவீதத் தள்ளுபடியை விட ஒரு மாதக் கடன்தான் பெரிது. எந்த சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டரிலும் "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வர முடியாது.

மூன்றாவது, அளந்து கொடுக்கும் வியாபாரம். 50 கிராம் கடுகு, 10 ரூபாய்க்குப் புளி, 100 மில்லி எண்ணெய் எல்லாம் தெருமுனைக் கடையில்தான் கிடைக்கும். இதில் வரிக் கணக்கும் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. சில்லறையாக அளந்து கொடுத்தால் இந்த வரி இல்லை. 25 கிலோவைத் தாண்டினாலும் இல்லை. அரிசிக் கடைகளில் திடீரென்று 26 கிலோ மூட்டை முளைத்த ரகசியம் இதுதான்.

நான்காவது, சந்தைகள். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. புதுக்கோட்டையிலும் உழவர் சந்தை இருக்கிறது. அதோடு ஊர் ஊருக்கு வாரச் சந்தை. கீரமங்கலம், வடகாடு பக்கம் விளையும் பலா, வாழை, பூ எல்லாம் கமிஷன் கடை, சந்தை, வெளியூர் வியாபாரி என்று பல கைகளுக்குப் போகின்றன. வாங்க ஆள் பலர் இருக்கும்வரைதான் விவசாயிக்குப் பேரம் பேச வாய்ப்பு.

இந்த இடத்தில் பெரிய கடைகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. கோட்டைப்பட்டினம் கடற்கரைக்கு எதிரே இருக்கும் இலங்கையில், கார்கில்ஸ் நிறுவனம் 1983-ல் கொழும்பில் முதல் சூப்பர் மார்க்கெட்டைத் திறந்து, பிறகு கிராமங்களில் கொள்முதல் மையம் வைத்து விவசாயிகளிடமே நேரடியாகக் காய்கறி வாங்கத் தொடங்கியது. இடைத்தரகர் குறைந்தால் விவசாயிக்கும் லாபம்தான். ஆனால் அந்த ஒரு கொள்முதல் மையம் மட்டுமே மிச்சம் என்றானால், விலையும் அவர்கள் சொல்வதுதான்.

அதேபோல அண்ணாச்சி கடையில் எல்லாமே சரி என்றும் சொல்ல முடியாது. விலைப் பட்டியல் இருக்காது, பில் கேட்டால் முகம் மாறும், பாக்கி வைத்திருப்பவரால் விலை பற்றி வாய் திறக்க முடியாது. எலக்ட்ரானிக் தராசு, அச்சடித்த பில், காலாவதி தேதி பார்த்து வாங்கும் பழக்கம் எல்லாம் சிறிய ஊர்களுக்கு வந்ததில் சூப்பர் மார்க்கெட்களுக்கும் பங்கு இருக்கிறது.

பெரிய கடை என்றால் எப்போதும் ஜெயிக்குமா?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, 'எப்போதும் மலிவு' என்ற பாணியில் தெருவுக்குத் தெரு கடை திறந்தது. 2008 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள். வளர்ந்த வேகத்துக்குக் கையில் பணம் இல்லை. சப்ளையர் பாக்கி, வாடகைப் பாக்கி, சம்பளப் பாக்கி என்று சேர்ந்து, 2009 தொடக்கத்தில் மொத்தமாக ஷட்டர் இறங்கியது. சென்னையில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஸ்பென்சர்ஸ் பெயரைத் தாங்கிய கடைகளும், தென் மாநிலங்களிலிருந்து வெளியேறுவதாக 2024-ல் அறிவித்தன.

அன்றைக்கு சுபிக்ஷா மூடியபோது மக்கள் பட்டினி கிடக்கவில்லை. ஏனென்றால் பக்கத்துத் தெருவில் அண்ணாச்சி கடை இருந்தது. பெருநகரத்தில் ஒரு நிறுவனம் போனால் இன்னொன்று வரும். ஆனால் ஒரு சிறிய ஊரில், இருந்த நான்கு மளிகைக் கடையும் மூடி, அதற்குக் காரணமான பெரிய கடையும் 'லாபம் இல்லை' என்று கிளம்பிவிட்டால்? அங்கே இருப்பவர் உப்பு வாங்கவே பஸ் ஏற வேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 செப்டம்பரில் பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. எந்த மாநிலத்தில் அனுமதிப்பது என்ற முடிவை மாநில அரசிடம் விட்டது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தார். வணிகர் சங்கங்களும் கடையடைப்புப் போராட்டம் நடத்தின. ஆனால் அந்தத் தடை வெளிநாட்டு நிறுவனத்துக்குத்தான். இந்திய நிறுவனம் எந்த ஊரில் எத்தனை கடை திறந்தாலும் அது பொருந்தாது.

அடுத்து, 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். இதன் 4-வது பிரிவின்படி, சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம், போட்டியாளரை ஒழிக்க அடக்க விலைக்கும் கீழே விற்றால் குற்றம். ஆனால் முதலில் அந்த நிறுவனம் ஆதிக்கம் உள்ளதுதான் என்று நிரூபிக்க வேண்டும். புதிதாக ஊருக்கு வந்து, இன்னும் சந்தையைப் பிடிக்காத ஒரு நிறுவனத்தை இந்தப் பிரிவில் கொண்டுவருவது கஷ்டம். அது ஆதிக்கம் பெற்ற பிறகோ, அடக்க விலைக்குக் கீழே விற்க வேண்டிய அவசியமே இருக்காது. அதற்குள் எதிர்க்கடை காலியாகியிருக்கும்.

மக்கள் என்ன செய்யலாம்?

மலிவாகக் கிடைப்பதை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. சொல்லவும் கூடாது. மாதச் சம்பளத்தில் மிச்சமாகும் 300 ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

பாக்கெட் விலையைப் பார்க்காமல், கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். 900 கிராம் பாக்கெட்டை ஒரு கிலோ என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய.

எம்.ஆர்.பி என்பது அதிகபட்ச விலை மட்டுமே. அதற்குக் கீழே விற்கலாம், மேலே விற்கக் கூடாது. ஆகவே எம்.ஆர்.பி-யிலிருந்து எவ்வளவு தள்ளுபடி என்பதை விட, பக்கத்துக் கடையில் அதே பொருள் என்ன விலை என்பதுதான் சரியான ஒப்பீடு. அண்ணாச்சியிடமும் கேட்டால் குறைப்பார். கேட்காததால்தான் பல நேரம் குறைப்பதில்லை.

எந்தக் கடையானாலும் பில் வாங்க வேண்டும். புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

கடைக்காரர்கள் தரப்பில், தனித்தனியாக வாங்குவதை விட்டுவிட்டு, பத்து இருபது கடைகள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் கொள்முதல் விலை இறங்கும். அந்த 90 ரூபாயை 86 ரூபாய் ஆக்கினால், 92 ரூபாய்க்கு விற்றும் பிழைக்க முடியும். அரசு தரப்பில், ஏற்கெனவே கட்டடமும் ஆளும் இருக்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகளை உருப்படியாக நடத்தினால், தனியாரின் விலைக்கு அதுவே ஒரு கடிவாளம்.

அடுத்த தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆஃபர் இன்னும் பெரிதாகவே வரும். வாங்கத்தான் செய்வோம். வாங்கிக்கொண்டு வரும் வழியில், போன வருஷம் திறந்திருந்த கடைகளில் எத்தனை இந்த வருஷமும் திறந்திருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்வதும் நல்லது. அந்த எண்ணிக்கை குறையக் குறைய, ஆஃபர் அட்டையில் இருக்கும் எண்ணும் குறையும் என்பதுதான் நியூசிலாந்து காட்டும் கணக்கு.